பொம்மைக்குப் போட்ட தலை

ஹார்ட்முட் லூட்ஹார்ட் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வாசல் கதவைத் திறப்பார். தபால்காரர் வந்தாலும் அதே கோட்டு, விறகு இறக்க ஆள் வந்தாலும் அதே கோட்டு. மேல் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப் எட்டிப் பார்க்கும். பொம்மைக்கு நெஞ்சு துடிக்காது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. நியூரன்பர்க்கிலிருந்தும் மூனிக்கிலிருந்தும் காரில் வந்து இறங்குகிற சீமாட்டிகளுக்கு அது பிடித்திருந்தது. அவர் ஒரு பொம்மையை மடியில் கிடத்தி, மார்பில் குழாயை வைத்து, ஏதோ கேட்டவர்போல முகத்தைச் சுளிப்பார். அவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவர் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

‘பொம்மை மருத்துவமனை’ என்று பலகை மாட்டியிருந்தார். எங்கள் தெருவில் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டோம். கேலி என்று புரிகிற அளவுக்கு அவருக்கு மூளை இருந்தது. புரிந்தும் அதைப் பட்டமாக எடுத்துக்கொள்கிற அளவுக்குத் தலைக்கனமும் இருந்தது.

கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுவதற்கு முன்பு, எங்கள் சோனபெர்க்கில் பாதி ஊர் பொம்மை ஆலையில்தான் வேலை பார்த்தது. நானும் அவர் மனைவி ரோஸ்விதாவும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்து பொம்மைச் சட்டை தைத்தோம். ஹார்ட்முட் அங்கே தரம் பார்க்கிறவர். சட்டையைத் திருப்பி, நூலை நகத்தால் நெம்பி, பிரிந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புவார். பிரியாவிட்டால் பிரிகிறவரை நெம்புவார். ரோஸ்விதாவை எப்படிக் கட்டினார், அவள் எதைக் கண்டு சம்மதித்தாள் என்பது எங்கள் கூடத்தில் யாருக்கும் விளங்காத விஷயம். அவளைக் கேட்டால், “குளிர்காலம் ரொம்ப நீளமா இருந்துச்சு” என்பாள்.

ஆலையை மூடினபோது நாங்கள் பெண்கள் அழுதுகொண்டே போய், கடைகளில் தரை துடைக்கிற வேலையில் சேர்ந்தோம். ஹார்ட்முட் அழவில்லை. பின்வாசல் வழியாகப் பழைய அச்சுகளையும் கண்ணாடிக் கண்கள் நிறைந்த பெட்டிகளையும் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். நிலவறையில் சின்னதாக ஒரு சூளை வைத்தார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த மனுஷனுக்குக் கை இருந்தது. உடைந்த பீங்கான் கன்னத்தை ஒட்டி, தேய்த்து, சாயம் ஏற்றி வைத்தால், உடைந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொன்னால் உடைத்தவளே திணறுவாள். இவ்வளவு நல்ல கையை இவ்வளவு அற்பமான ஆளிடம் கொடுத்து வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

மற்றதெல்லாம் ரோஸ்விதா. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் அவள் மேஜை. பழஞ்சந்தையில் வாங்கின தோல் கையுறைகளைப் பிரித்து, கட்டைவிரல் நீளத்துக்குச் செருப்பு தைப்பாள். ஆட்டுமயிரைச் சீவி, வலையில் முடிந்து, பொம்மைக்குக் கூந்தல் செய்வாள். காலுறை, கைப்பை, சூரியக்குடை, நெஞ்சுக்குப் பட்டு நாடா, எல்லாம் அவள் கை. வஜ்ரப் பசை காய்ச்சுகிற நாற்றமும் அடுப்பில் வேகிற சிவப்பு முட்டைக்கோஸ் மணமும் கலந்து அந்த வீட்டுக்கென்று ஒரு வாடை உண்டு. தைத்து முடித்த செருப்பைத் தேநீரில் ஊறவைத்து, கரி தடவி, வெளிச்சுவரில் பதித்த ஸ்லேட்டு ஓட்டில் நாலு இழுப்பு இழுத்தால் நூறு வயது கூடிவிடும்.

“இது அந்தக் காலத்துச் செருப்புதானே?” என்று ஒரு சீமாட்டி உருகுவாள்.

“பாத்தாலே தெரியலையா?” என்பாள் ரோஸ்விதா. பொய் சொன்னாள் என்று யாரும் அவளைப் பிடிக்க முடியாது.

அவர்கள் போனதும் ஜன்னலைத் திறந்து வைப்பாள். “செண்டு நாத்தம் போகட்டும். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினா பத்து கடை பேரம் பேசுவாளுக. செத்த பொம்மைக்குச் செருப்புன்னா பையைத் திறந்து காட்டுறாளுக” என்பாள். அவளுக்கு அவர்களைப் பிடிக்காது. பொம்மைகளையும் பிடிக்காது. புருஷனைப் பிடிக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எதற்கும் அவளிடம் கேட்டதில்லை.

அக்டோபர் மழையில் ஒரு நாள் எகோன் வந்தார். கூரைக்கு ஸ்லேட்டு ஓடு பதிக்கிறவர். மேட்டுத் தெருவில் பாதிக் கூரை அவர் கைவேலை. நல்ல உயரம், தேய்ந்த முழங்கால், குறைந்த பேச்சு. வசந்தத்தில் அவர் மனைவி மார்லிஸ் இறந்துபோயிருந்தாள். உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றை மேஜைமேல் வைத்து, வாயைப் பிரித்து, பொம்மையைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“கை தொங்குது டாக்டர். கண்ணு மூடினது திறக்க மாட்டேங்குது. தொப்பியைப் பூச்சி தின்னுடுச்சு.”

“யாரோடது?”

“மார்லிஸோடது. அவ அம்மா வீட்டுச் சாமான். எங்க பொண்ணு சில்கே இல்ல, கோபுர்க் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கறவ, மாசமா இருக்கா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, அட்வென்ட்டுக்கு வரா. போன் பண்ணினா, அம்மா பொம்மை பத்திரமா இருக்கான்னு முதல்ல கேக்குறா. நான் நல்லா இருக்கேனான்னு அதுக்கப்புறம்தான்.”

ஹார்ட்முட் பொம்மையைத் திருப்பி, பின்கழுத்தில் முடியை ஒதுக்கிப் பார்த்தார். அங்கேதான் அச்சுக் குறி இருக்கும். பார்த்ததும் முடியை மறுபடி சரியாக மூடிவிட்டார்.

“சாதாரணச் சரக்குதான். அந்தக் காலத்துல சந்தையில கூடை கூடையா வித்தது. ஆனா பண்ணிடலாம்.”

“அட்வென்ட்டுக்குள்ள?”

“அவசரப்பட்டா நல்லா வராது. பாக்கலாம்.”

ரோஸ்விதா வழக்கம்போலப் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டாள். புதுத் தொப்பிக்காகத் தலையை நாடாவால் சுற்றி அளந்துகொண்டாள். எகோன் போன பிறகு என்னிடம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்:

“சாதாரணச் சரக்குன்னு சொன்னான். ஆனா காது ரெண்டும் செவந்துபோச்சு. அவனுக்குப் பொய் வாயில வராது, காதுலதான் வரும்.”

நவம்பர் மூடுபனியில் எதிர்வீடு தெரியாது. அப்படிப்பட்ட ஒரு மத்தியானம், முந்தின வாரம் கேக்கு வைத்துக் கொடுத்த என் தட்டைத் திரும்ப வாங்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். எகோனுடைய பொம்மை உடுத்தலுக்காக மேலே வந்திருந்தது. கை ஒட்டியாகிவிட்டது. உள்ளே புது இழுவை ரப்பர் போட்டு மூட்டுகள் விறைப்பாக நின்றன. கண் மூடித் திறந்தது. ரோஸ்விதா காலுறை மாட்டினாள், செருப்பு மாட்டினாள், கடைசியாகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். தொப்பி வழுக்கிக்கொண்டு போய்ப் பொம்மையின் மூக்கில் நின்றது.

எடுத்து மறுபடி வைத்தாள். நாடாவை இழுத்துக் கட்டினாள். மறுபடி மூக்கு.

“துணி நீண்டிருக்கும்” என்றேன்.

“பருத்தி சுருங்கும். நீளாது.” அளவு நாடாவை எடுத்துத் தலையைச் சுற்றினாள். நாடாவில் அவள் முன்பு ஊசி குத்தி வைத்திருந்த இடத்துக்கு எட்டவில்லை. நாடாவை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு நிலவறைப் படிப்பக்கம் திரும்பினாள்.

“ஹார்ட்முட், மேல வா.”

கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“தொப்பி பெருசா இருக்கு.”

“தைக்கத் தெரியாம தைச்சா அப்படித்தான்.”

“ஆலையில இருந்தப்பவும் இதையேதான் சொல்லுவ. அப்பவும் என் தையல் சரியாத்தான் இருந்துச்சு. தலையை என்ன பண்ணின?”

“கழுவினேன்.”

“கழுவினா பீங்கான் சுருங்காது. சூளையில வெச்சாதான் சுருங்கும்.”

ஹார்ட்முட் என்னைப் பார்த்தார். நான் கிளம்புவேன் என்று எதிர்பார்த்தார். நான் கேக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். பழைய தலையின்மேல் பிளாஸ்டர் சாந்து அப்பி அச்சு எடுக்கலாம். அந்த அச்சில் புதுப் பீங்கான் குழம்பை ஊற்றிச் சுட்டால், முகம் அப்படியே வரும். ஆனால் நெருப்பில் சுண்டி ஒரு சுற்று சின்னதாக வரும். பொம்மை ஊரில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். தெரிந்தவர்கள் வீட்டிலேயே அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பெண்டாட்டி அளவெடுத்தது அவர் கண்ணில் படவே இல்லை. அவள் செய்கிற எதுவும் அவர் கண்ணில் பட்டதில்லை.

“அசல் எங்க?” என்றாள் ரோஸ்விதா.

“பத்திரமா இருக்கு.”

“யாருக்குப் பேசியிருக்க?”

“ரீட்மயர் அம்மாவுக்கு. ஞாயித்துக்கிழமை வராங்க.” மறைக்கிறதில் இனிப் பிரயோசனமில்லை என்று ஆனதும் அவர் குரலில் பெருமையே வந்துவிட்டது. “அது எப்படிப்பட்ட தலைன்னு உனக்குத் தெரியுமா? கொஞ்ச நாள்தான் அந்த அச்சுல ஊத்தினாங்க. நான் படத்துலதான் பாத்திருக்கேன். அதை அவன் உருளைக்கிழங்குச் சாக்குல போட்டுக் காலைப் பிடிச்சு இழுக்குறான். அந்த முகம் அவன் வீட்டுல இருக்கலாமா?”

“அது அவன் வீட்டுலதானே இருந்துச்சு.”

“நீ ரொம்பப் பேசாத. உன் செருப்பு எத்தனை பொம்மை காலுல பழசுன்னு போயிருக்கு?”

“போயிருக்கு. அவளுக ஏமாறணும்னே காருல ஏறி வராளுக. நான் ஏமாத்தினேன். இந்த ஆளு, இதைச் சரி பண்ணிக் குடுன்னு கேட்டுட்டுப் போனான். அவ்வளவுதான் கேட்டான்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“உனக்கு ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும்” என்றாள் ரோஸ்விதா. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஹார்ட்முட் நிலவறைக்கு இறங்கினார். போகும்போது என்னிடம், “கேக்கு நல்லா இருந்துச்சு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்விதா என்னையும் காபிக்குக் கூப்பிட்டாள். பிளம் கேக் செய்துகொண்டு வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை, ஆனால் நல்ல கோப்பைகளை எடுத்து வைத்திருந்தாள்.

ரீட்மயர் அம்மா பல் டாக்டர் மனைவி. ஒல்லியான உடம்பு, சாம்பல் நிறக் கம்பளி உடை, கைப்பையில் பேனா அளவுக்கு ஒரு டார்ச். ஹார்ட்முட் மேஜைமேல் வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் தலையை வைத்தார். நான் அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். நான் ஆயிரம் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டியவள். பொம்மை முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றியதில்லை. இது வேறு. யாரோ ஏதோ சொல்லி, அதற்குப் பதில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பெண்ணின் முகம் அது. இடது கன்னத்தில் சூளைத் தூசி ஒட்டிச் சுட்டதில் ஒரு கரும்புள்ளி, மச்சம் மாதிரி.

ரீட்மயர் அம்மா கூந்தலைக் கழற்றி, தலைக்குள்ளே டார்ச்சை விட்டாள். விரிசல் இருந்தால் வெளிச்சத்தில் கோடு தெரியும். தலை முழுவதும் ரோஜா நிறத்தில் எரிந்தது. ஒரு கோடு இல்லை.

“என் தங்கமே” என்றாள், தலையைப் பார்த்து. “எங்கேயிருந்து கிடைச்சது டாக்டர்?”

“சால்ஃபெல்ட் பக்கம் ஒரு விதவை. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.”

வாசல் மணி அடித்தது. ரோஸ்விதா போய்த் திறந்தாள். எகோன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில், தலையை நன்றாகப் படிய வாரிக்கொண்டு நின்றார். பொம்மை தயார், காபிக்கு வாருங்கள் என்று அவள்தான் போன் செய்திருந்தாள். அவரை உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய், உடுத்தி முடித்த பொம்மையைக் கொண்டுவந்து வெல்வெட்டின்மேல் தலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“எகோன், இது உங்க பொம்மையோட உடம்பு. அது உங்க பொம்மையோட தலை. ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கறது என் புருஷன்.”

ஹார்ட்முட் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் எரிந்தன. ரீட்மயர் அம்மா தலையிலிருந்து கையை எடுத்தாள், ஆனால் தூரமாக எடுக்கவில்லை.

எகோன் பொம்மையைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். “அப்ப இதுமேல இருக்கற தலை?”

“நகல். கீழ சுட்டது.”

“இது?”

“உங்க மார்லிஸோடது.”

ரோஸ்விதா நிமிர்ந்து நின்றிருந்தாள். அவளை அப்படி ஆலையில்கூடப் பார்த்ததில்லை. கூரைக்காரரின் கை அகலமானது. அது எந்த நிமிஷமும் மேஜைமேல் இறங்கும், கோப்பைகள் பறக்கும், டாக்டர் கோட்டோடு தெருவில் விழுவார் என்று நானும் எதிர்பார்த்தேன். கேக்குத் தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

ரீட்மயர் அம்மாதான் முதலில் பேசினாள். கெட்டிக்காரி. “எனக்கு இதெல்லாம் தெரியாது ஐயா. தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன். உங்க பொருள்னா உங்ககிட்டத்தான் நான் கேக்கணும். குடுக்க விருப்பம் இருந்தா அதே விலையை உங்களுக்கே தரேன்.” விலையைச் சொன்னாள்.

எகோன் மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள். எகோன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, ஒரு துண்டுக் கேக்கை எடுத்து, மென்று முடித்தார்.

“கல்யாணமான நாள்லேர்ந்து அது எங்க வீட்டு சோபாவுல உக்காந்திருந்துச்சு” என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. “நான் வேலை முடிஞ்சு வந்தா, தள்ளி உக்காருங்க, அழுக்குப் படும்பா. என் வீட்டு சோபா. அதுக்குப் பண்டிகைக்குப் பண்டிகை தலை வாரிவிடுவா. எனக்கு முழங்கால் வலின்னா களிம்பு அலமாரியில இருக்கும்பா. இதை நீங்களே எடுத்துக்குங்கம்மா. நல்லபடியா வெச்சுக்குங்க.”

“எகோன்” என்றாள் ரோஸ்விதா.

“நீங்க சொன்னது நல்லதாப்போச்சு. இல்லன்னா எனக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. இந்தத் தலையும் நல்லாத்தானே இருக்கு? சில்கே கண்டுபிடிக்க மாட்டா.”

ஹார்ட்முட் சிரித்தார். சின்னச் சிரிப்பு, மூக்கு வழியாக. அத்தனை நேரம் தலைகுனிந்திருந்தவர் இப்போது கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் காபி ஊற்றினார். தலையைப் பஞ்சில் சுற்றிக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அவர் கட்டினால் உடையாது.

நான் அடுக்களைக்குப் போனபோது, ரோஸ்விதா மத்தியானம் உருளைக்கிழங்கு உருண்டை வேகவைத்த பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த பானை.

“அவன் அடிப்பான்னு நெனச்சேன்” என்றாள். “என்னையும் சேத்து அடிச்சிருந்தாக்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.”

“மனுஷன் பாவம், முழங்கால்” என்றேன்.

“முழங்காலுக்குக் களிம்பு இருக்கு.”

அந்த வாரமே முதல் பனி விழுந்தது. பொம்மை இன்னும் ஹார்ட்முட் வீட்டிலேயேதான் இருந்தது. எகோன் மறுபடி வந்தார், இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு இல்லை. காலணியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே வாசலில் வெகுநேரம் நின்றார். நான் ரோஸ்விதாவோடு ஆட்டுமயிர் சீவிக்கொண்டிருந்தேன். அட்வென்ட் சந்தைக்கு வேலை அதிகம் என்று என்னையும் உட்கார வைத்திருந்தாள்.

“சில்கே போன் பண்ணினா” என்றார். “பொம்மையோட கன்னத்துல மச்சம் இருக்குமே, என் பிள்ளைக்கும் இருக்குமான்னு கேக்குறா. மச்சமான்னு நான் திருப்பிக் கேட்டேன். என்னப்பா நீங்கன்னு சிரிக்கிறா. சின்னப் பிள்ளையில அவளுக்கு அதுக்குத் தினமும் முத்தம் குடுக்கற வேலையாம். எனக்குத் தெரியாது. டாக்டர், அந்தத் தலையில மச்சம் இருக்கா?”

“இல்ல” என்றார் ஹார்ட்முட்.

“வெச்சுக் குடுங்க. இன்னும் கொஞ்சம் அது மாதிரியே பண்ண முடியாதா?”

“எது மாதிரி?”

“பழசு மாதிரி.”

“பழசு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. கண்ணு என்ன நிறம்?”

எகோன் யோசித்தார். “நீலம்.”

“சாம்பல்” என்றார் ஹார்ட்முட். “ஓரத்துல ஒரு பச்சை வளையம். புருவம்?”

எகோன் தன் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இடது புருவம் வலதைவிட ஒரு மயிர் உசரம். எழுதினவன் இடதுகைக்காரனா இருக்கணும். மேல் உதட்டுல ரெண்டு புள்ளி, உள்ளே ஒரு பூச்சு கூடுதல் சிவப்பு. கீழ் இமை மயிர் நடுவுல ஒண்ணு விட்டுப்போயிருக்கும். மச்சம் இடது கன்னத்துல, காதுக்குக் கிட்ட.” கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “இதையெல்லாம் நான் பாத்தேன். நீங்க அதுகூட ஒரே வீட்டுல குடியிருந்தீங்க.”

“அப்ப முதல்லயே ஏன் அந்த மாதிரி செய்யல?”

“அது உங்களுக்காகச் செஞ்சது. உங்களுக்கு அது போதும்னு நெனச்சேன். சரியாத்தானே நெனச்சேன்?”

எகோன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். போன பிறகு ரோஸ்விதா மயிர் சீவுகிற கட்டையைக் கீழே வைத்தாள்.

“அவனைச் சொல்ற யோக்கியதை உனக்கு இருக்கா?”

“இல்ல” என்றார் ஹார்ட்முட். “ஆனா மூணு பேருல அந்த முகத்தைப் பாத்தது நான் ஒருத்தன்தான். நீ தலையைச் சுத்தி நாடா வெச்ச. முகத்தைப் பாத்தியா?”

அவள் கீழே வைத்த கட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

புதிதாக ஒன்று ஊற்றினார். முதலில் வந்தது வாய்க்கோணல் என்று தானே உடைத்தார். தரம் பார்க்கிற வேலையில் எங்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின அதே முகத்தோடு தன் வேலையையும் திருப்பி அனுப்பினார். நிறம் ஒரு பூச்சு, சூளை. மறுபூச்சு, மறுபடி சூளை. சாப்பாட்டுக்குக்கூட மேலே வரவில்லை. ரோஸ்விதா தட்டைப் படியில் வைத்துவிட்டு வருவாள். புதுத் தலையை அவள் அளந்து, புதுத் தொப்பி தைத்தாள். அளவெடுக்கும்போது இந்தத் தடவை முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அட்வென்ட் முதல் ஞாயிறு காலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். சில்கேவுக்கு ஏழாம் மாதம் இருக்கும். அம்மாவின் அகலமான நெற்றி. பனியில் வழுக்கிவிடாமல் எகோன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஹார்ட்முட் கோட்டில், பையில் ஸ்டெதாஸ்கோப்போடு நின்றார். அன்றைக்கு அதைக் காதில் மாட்டவில்லை.

சில்கே பொம்மையை வாங்கி, பேறுகாலப் பெண்கள் எதையும் வைக்கிறமாதிரி வயிற்றின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். படுக்க வைத்தாள், கண் மூடியது. நிமிர்த்தினாள், திறந்தது. மச்சத்தை விரலால் தொட்டாள். குனிந்து முத்தம் கொடுத்தாள். எகோன் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செருப்பு அழகா இருக்கு.”

“நான் தைச்சது. புதுசு” என்றாள் ரோஸ்விதா.

சில்கே மறுபடி பொம்மையின் முகத்தைப் பார்த்தாள். கையில் எடை பார்க்கிறமாதிரி லேசாகத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளைத் தூக்கித் தூக்கிப் பழகின கை. அவள் முகம் கொஞ்சம் மாறியது.

“அப்பா, இது…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். எகோனின் பிடரி மட்டும்தான் தெரிந்தது. அது சிவந்திருந்தது. ஹார்ட்முட் பக்கம் பார்த்தாள், அவர் காதுகள் சிவந்திருந்தன. பிறகு ரோஸ்விதா பக்கம் திரும்பினாள்.

“உங்களைத்தான் கேக்குறேன். யார் மனசு நோகும்னு பாத்துப் பேசறவங்க இல்ல நீங்கன்னு எங்க அம்மா சொல்லுவா. ஊரே சொல்லும். இது எங்க அம்மாவோடதுதானே?”

சில்கேவின் ஒரு கை பொம்மையின் முதுகிலும் இன்னொரு கை தன் வயிற்றின் அடியிலும் இருந்தது. ரோஸ்விதா அந்தக் கைகளைப் பார்த்தாள். ஜன்னலோரம் நின்றிருந்த எகோனைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை, ஆனால் அந்த அகலமான தோள் இரண்டும் ஏறி நின்றன, இறங்கவில்லை. எனக்கு ஆலைக்கூடம் ஞாபகம் வந்தது. கட்சி ஆள் வந்து, எல்லோரும் திருப்தியாக இருக்கிறீர்களா என்று கேட்டபோது, இல்லை என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

“அதேதான்” என்றாள் ரோஸ்விதா. “கழுவியிருக்கு. புது ரப்பர் போட்டிருக்கு. அதான் வித்தியாசமாத் தெரியுது.”

சில்கே தலையாட்டினாள். நம்பினாளா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாளா, எனக்குத் தெரியவில்லை. பொம்மையைத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். எகோன் எங்கள் மூவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். ரோஸ்விதாவின் கையை மட்டும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

நான் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன். மத்தியான மணி அடித்து முடிந்திருக்கும், பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு ரோஸ்விதா வந்தாள். கோட்டு இல்லை, செருப்பில் பனி. கையில் சாப்பாட்டுத் தட்டு: இரண்டு உருண்டை, இறைச்சிச் சுருள், முட்டைக்கோஸ். குழம்பு ஓரத்தில் உறையத் தொடங்கியிருந்தது.

“என்னடி ஆச்சு?”

அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு உருண்டையைப் பிட்டுத் தின்றாள். நான் முக்காலியை நகர்த்தினேன். உட்காரவில்லை.

“மேஜைக்குப் போனேன்” என்றாள். “ஹார்ட்முட் எழுந்திருச்சு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். தட்டுல முதல்ல எனக்கு வெச்சான். பெரிய துண்டா பாத்து வெச்சான். ‘அந்தப் பொண்ணுகிட்ட அழகாச் சொன்ன ரோஸி’ன்னான்.”

மீதி உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள். தட்டை என் கையில் கொடுத்தாள்.

“இத்தனை வருஷத்துல அவன் என்னை மரியாதையாப் பாத்ததே இல்ல” என்றாள். “இன்னைக்குப் பாத்தான்.”